எரிப்பதா, புதைப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் சுடுகாடு என்றும் ஒரு சொல் இருக்கிறது, இடுகாடு என்றும் ஒரு சொல் இருக்கிறது. இரண்டும் பழைய சொற்கள். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்து, வாசலில் பந்தல் போட்ட பிறகுதான் பல குடும்பங்களில் இந்தப் பேச்சே எழுகிறது. அந்த நேரத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது. அப்போது கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். இவை தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதப்பட்டவை.

இந்து என்றால் எரிக்கத்தானே வேண்டும்? புதைப்பது தவறில்லையா?

தவறில்லை. தமிழ்நாட்டில் இறந்தவரைப் புதைப்பதையே வழக்கமாகக் கொண்ட இந்துச் சமூகங்கள் பல உண்டு. ஒரே சாதியில் ஒரு வட்டாரத்தார் எரிப்பதும் இன்னொரு வட்டாரத்தார் புதைப்பதும் உண்டு. வீரசைவர்கள் புதைக்கிறார்கள். தென்கோடியில் அய்யாவழி மக்கள் உடலை வடக்கு நோக்கி உட்கார வைத்து அடக்கம் செய்கிறார்கள்.

ஆதிச்சநல்லூரிலும், கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையிலும் கிடைத்த முதுமக்கள் தாழிகள் இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று காட்டுகின்றன. எரிப்பதும் அதே அளவுக்கு நம்முடையதுதான். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பிணத்தைச் சுடுவோர், வெறுமனே இட்டுவிட்டுப் போவோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்போர், தாழியில் கவிப்போர் என்று ஐந்து வகையாரும் ஒரே வரிசையில் வருகிறார்கள். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற பேச்சு அங்கே இல்லை.

ஆகவே "நம்ம மதத்துல இப்படித்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால், அது பெரும்பாலும் அவர்கள் வீட்டு வழக்கம். உங்கள் வீட்டு வழக்கம் என்ன என்று பங்காளிகளில் மூத்தவரிடம் கேளுங்கள்.

எரிக்கும் குடும்பங்களிலும் துறவிகளையும் குழந்தைகளையும் புதைப்பது ஏன்?

தீ உடலைத் தூய்மையாக்கி உயிரை விடுவிக்கிறது என்பது எரிப்பதன் பின்னுள்ள நம்பிக்கை. துறவி ஏற்கெனவே பற்றறுத்தவர், அவருக்கு அது தேவையில்லை என்கிறார்கள். சைவ ஆதீனங்களில் குருமார்களைச் சமாதி வைப்பதும் இதனால்தான். திருமந்திரம் ஏழாம் தந்திரத்தில் சமாதிக் கிரியை என்று ஒரு பகுதியே இருக்கிறது. ஞானியின் உடலைத் தீயிலிட்டால் நாட்டுக்கே கேடு என்று சொல்லி, ஒன்பது சாண் ஆழக் குழி, அதற்குள் குகை என்று அளவும் கொடுக்கிறது.

பல் முளைக்காத குழந்தையைப் புதைப்பது பொது வழக்கம். நூல்கள் இரண்டு வயது என்று எல்லை வைக்கின்றன. நடைமுறையிலும் இதற்கு ஒரு நியாயம் உண்டு. பச்சைக் குழந்தையின் எலும்பு மிக மெல்லியது, எரித்தால் கையில் எடுக்க அஸ்தி என்று ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். பெற்றோருக்கு அது இரண்டாவது இழப்பாக இருக்கும்.

வள்ளலார் எரிக்கக் கூடாது என்றாரா?

ஆம். இறந்தவரைச் சுடக் கூடாது, புதைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கருமாதி முதலிய சடங்குகளும் வேண்டாம் என்றார். சன்மார்க்கக் குடும்பங்கள் இன்றும் இதைப் பின்பற்றுகின்றன. முற்றிலும் வேறொரு வழியில் வந்த பெரியாரும் 1973-இல் புதைக்கப்பட்டார். பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஜெயலலிதா 2016-இல் மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டார். காமராசர் 1975-இல் கிண்டியில் எரியூட்டப்பட்டார். தமிழ்நாட்டின் பொதுவாழ்விலேயே இரண்டு வழியும் இப்படிக் கலந்துதான் கிடக்கின்றன.

இஸ்லாத்தில் எரிப்பதற்கு இடமே இல்லையா?

இல்லை. அடக்கம் ஒன்றுதான் வழி. அதையும் தாமதிக்காமல் செய்ய வேண்டும். மையித்தை, அதாவது இறந்தவர் உடலைக் குளிப்பாட்டி, தைக்காத வெள்ளைத் துணியில் கஃபனிடுவார்கள்: ஆணுக்கு 3 துணி, பெண்ணுக்கு 5. பிறகு சந்தூக் என்னும் பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்குக் கொண்டுபோவார்கள். அந்தத் தொழுகையில் குனிதலும் சிரம் பணிதலும் கிடையாது. நின்றபடியே 4 தக்பீர், அதாவது "அல்லாஹு அக்பர்" என்று சொல்வது.

நம் ஊரில் கபர் என்னும் புதைகுழி வடக்கு தெற்காக வெட்டப்படும். தலை வடக்கே, உடல் வலப்பக்கம் சாய்ந்து முகம் மேற்கே கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் திசையை நோக்கி இருக்கும். கெட்டியான மண் என்றால் குழியின் பக்கச் சுவரில் மாடம் போல் குடைந்து அதற்குள் வைப்பார்கள். மணற்பாங்கான கடற்கரை ஊர்களில் அப்படிக் குடைந்தால் சரிந்துவிடும் என்பதால் குழியின் நடுவிலேயே சிறு பள்ளம் எடுத்து, மேலே பலகை அடுக்கி மூடுவார்கள். கஃபன் முடிச்சுகளை அவிழ்த்துவிட்ட பிறகே பலகை வைப்பார்கள். வந்தவர்கள் ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போடுவார்கள். மண்மேடு ஒரு சாண் உயரம் போதும்.

கத்தோலிக்கர் எரிக்கலாமா?

எரிக்கலாம். 1963 முதல் திருச்சபை இதை அனுமதிக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கையை மறுப்பதற்காக எரிக்கக் கூடாது, அவ்வளவுதான். அடக்கம் செய்வதையே திருச்சபை இன்றும் விரும்பிப் பரிந்துரைக்கிறது. 2016-இல் வத்திக்கான் தந்த அறிவுறுத்தல் சாம்பலைப் பற்றியது: அதைக் காற்றிலோ கடலிலோ தூவக் கூடாது, பங்கு போடக் கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கல்லறைத் தோட்டம் போன்ற புனிதமான இடத்தில் வைக்க வேண்டும். 2023-இல் வந்த விளக்கம் இதைச் சற்றுத் தளர்த்தியது.

சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் ஆயரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எந்தச் சபையானாலும் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமென்றால் பங்குத் தந்தையின் அல்லது ஆயரின் கடிதம் கேட்பார்கள். சாவு வீட்டில் நிற்கும்போது பழைய சந்தா நிலுவைப் பேச்சு வரக்கூடும். முன்கூட்டியே கட்டிவையுங்கள்.

அம்மா ஒன்று சொல்லியிருந்தார், அண்ணன் வேறு சொல்கிறார். யார் சொல்வது செல்லும்?

இறந்தவரின் விருப்பமே முதலில் நிற்க வேண்டும் என்பது எங்கள் துணிபு. ஆனால் நடைமுறையில், உடல் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள். உயிலில் எழுதிவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உயிலைப் பிரிப்பதே பதினாறாம் நாளுக்குப் பிறகுதான். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஒரு வெள்ளைத் தாளில், "என்னை எரியுங்கள்" அல்லது "புதையுங்கள்", எந்த ஊரில், என்ன சடங்கு வேண்டும், எது வேண்டாம், யார் முன்நின்று செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட வேண்டும். மதம் மாறித் திருமணம் செய்தவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். இந்தக் குடும்பங்களில்தான் இரு வீட்டாரும் ஒரே உடலுக்கு உரிமை கோரி நிற்கிறார்கள்.

விறகு, வரட்டி வைத்து எரிப்பதற்கு எவ்வளவு தேவை? எப்படி அடுக்குகிறார்கள்?

பெரியவர் ஒருவருக்கு விறகு மட்டும் என்றால் 300 முதல் 400 கிலோ. வரட்டி சேர்த்தால் விறகு குறையும். பல ஊர்களில் வரட்டிதான் முக்கியம், விறகு துணைக்கு.

அடியில் காற்றோடப் பள்ளமோ இரும்புச் சட்டமோ இருக்க வேண்டும். முதல் அடுக்கு பருத்த கட்டைகள். அதன்மேல் வரட்டி. உடலைத் தலை தெற்கே இருக்கும்படி கிடத்தி, வாய்க்கரிசி முடிந்ததும் முகம் தவிர மற்ற இடமெல்லாம் வரட்டி அடுக்குவார்கள். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கனமான கட்டை வைக்க வேண்டும். அந்த இரண்டு இடங்கள்தான் கடைசியில் வேகும். இதற்கு மேல் வைக்கோல் பரப்பி, குழைத்த களிமண்ணை மெழுகுவது நம் ஊர் முறை. அங்கங்கே விரல் நுழையும் அளவு ஓட்டை விடுவார்கள். இந்த மண் போர்வை சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். தீ கொழுந்துவிட்டு எரியாது, சூளை போல் கனன்று எரியும். அதனால்தான் குறைந்த விறகிலேயே உடல் வெந்துவிடுகிறது. மாலையில் மூட்டினால் விடிவதற்குள் அடங்கும்.

கொள்ளி வைப்பவர் தோளில் நீர்க்குடத்துடன் மூன்று முறை சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருபவர் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்துவிட்டு நடக்க வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஈர விறகால்தான். மழைக்காலத்தில் அன்று வெட்டிய பச்சைக் கட்டையை ஏற்றிவிடுவார்கள். புகை மண்டும், பாதி வெந்து நிற்கும். அதைச் சரிக்கட்ட டயரும் மண்ணெண்ணெயும் போடுவதை அனுமதிக்காதீர்கள். மண்ணெண்ணெய் மேலே பற்றி உடனே அணைந்துவிடும், உள்ளே சூடு ஏறாது. டயர் புகை பக்கத்தில் நிற்பவரின் நுரையீரலுக்கு விஷம். இரண்டு வருடம் காய்ந்த சீமைக்கருவேலக் கட்டை கிடைத்தால் அதுவே நன்று.

இரவு முழுக்கக் காவல் இருந்து, சரிந்த கட்டையைத் தள்ளிக் கொடுத்து எரிய வைக்கும் மயானப் பணியாளரிடம் கூலியை முதலிலேயே பேசி, பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள். "வெட்டியான்" என்று ஏக வசனத்தில் கூப்பிடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

எரிவாயு தகன மேடையில் என்ன வித்தியாசம்?

நேரம்தான். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். அஸ்தியையும் அன்றே கொடுத்துவிடுவார்கள். சில நகராட்சிகளில் சிலிண்டர் வாயுவுக்குப் பதில் விறகை எரிகலனில் இட்டு வரும் வாயுவைக் கொண்டே எரிக்கிறார்கள். திறந்த சிதைக்கு ஆகும் விறகில் சிறு பங்கே அதற்குப் போதும். மின்தகன மேடையில் உலையைச் சூடேற்றவே நெடுநேரம் பிடிக்கும். அடுத்தடுத்து உடல்கள் வரும் பெரிய நகரங்களுக்கே அது கட்டுபடியாகும்.

நேரத்தை முன்பதிவு செய்துவிட்டு, அதன்பிறகே உறவினர்களுக்கு "எடுக்கும் நேரம்" சொல்லுங்கள். ராகுகாலம், எமகண்டம் தவிர்த்து எல்லாரும் ஒரே நேரத்தைக் கேட்பதால் நல்ல நேரத்தில் மேடையில் வரிசை நிற்கும்.

மாலைகள், பாய், தலையணை, பாலியஸ்டர் புடவை, பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக் கூடாது. பருத்திக் கோடித்துணி போதும். ஃப்ரீசர் பெட்டியில் இரண்டு நாள் வைத்த உடல் எரிய அதிக நேரம் எடுக்கும், பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர். எரிக்கலாமா?

எரிக்கலாம். ஆனால் கருவியை எடுத்துவிட்டுத்தான். அதன் லித்தியம் மின்கலம் சூட்டில் வெடிக்கும். உலைச் சுவரில் விரிசல் விழும், பக்கத்தில் நிற்பவருக்கும் காயம் ஏற்படும். மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இடது காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் தட்டுப்படும். மருத்துவருக்கு அது சில நிமிட வேலை. முழங்கால், இடுப்பு மாற்று உலோகங்களை எடுக்க வேண்டியதில்லை, அவை சாம்பலில் தனியாகக் கிடக்கும். புதைப்பதென்றால் எதையும் எடுக்க வேண்டாம்.

புதைகுழி எந்த அளவில் வெட்ட வேண்டும்?

நீளம் ஆறரை முதல் ஏழு அடி, அகலம் இரண்டரை முதல் மூன்றடி, ஆழம் ஐந்து முதல் ஆறடி. மூன்றடியில் நிறுத்தினால் நாய் கிளறும், மழையில் வாடை வரும். ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் நான்கடியிலேயே நீர் ஊறும். அங்கே மேட்டு நிலமாகப் பார்க்க வேண்டும். மணலில் வெட்டும்போது குழியின் வாயைச் சற்று அகலமாக எடுக்காவிட்டால் இறக்கும் நேரத்தில் கரை சரியும்.

உடலோடு கல் உப்பும் விபூதியும் போடுவது வழக்கம். உப்பு போட்டால் சீக்கிரம் மக்கும் என்பார்கள். உண்மையில் அது ஈரத்தையும் வாடையையும் இழுக்கும், மக்குவதை விரைவுபடுத்தாது. பிளாஸ்டிக் விரிப்போடு புதைத்தால் ஆண்டுக் கணக்கில் மக்காமல் கிடக்கும்.

மண்ணை இறுக்கி மிதித்து, ஒன்றரை அடி மேடாகக் குவிக்க வேண்டும். அது அமுங்கும். ஒரு மழைக்காலம் தாண்டாமல் சிமெண்டு மேடை கட்டாதீர்கள். கட்டினால் மண் இறங்கும்போது மேடை பிளக்கும்.

சொந்தத் தோட்டத்தில் புதைக்கலாமா?

"எங்க நிலம், எங்க இஷ்டம்" என்பது செல்லாது. தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் மயானம் கூடாது. அறிவிக்கப்பட்ட மயானமல்லாத இடத்தில் அனுமதியின்றிப் புதைக்கக் கூடாது என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் சொல்லியிருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட்டால் புதைத்த உடலைத் தோண்டி எடுக்க நேரிடும். அந்த நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

மருத்துவமனையில் இறந்தால் இறப்புக்கான காரணம் எழுதிய மருத்துவச் சான்று அங்கேயே கிடைக்கும். வீட்டில் இறந்தால், இதுவரை வைத்தியம் பார்த்த மருத்துவரை அழைத்துச் சான்று வாங்குங்கள். உயிர் போனது உறுதியாகத் தெரிந்த பின்னும் பதற்றத்தில் ஏதோ ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அவர்களுக்கு நோயாளியின் வரலாறு தெரியாது. காவல் துறைக்குத் தகவல் போய் உடற்கூறாய்வு வரை போகலாம். படுத்த படுக்கையாய் இருப்பவர் வீட்டில், மருத்துவரின் எண்ணும் சமீபத்திய மருந்துச் சீட்டும் எடுத்த எடுப்பில் கிடைக்கும்படி இருக்கட்டும்.

மயானத்தில் இறந்தவர், விண்ணப்பிப்பவர் இருவரின் ஆதார் நகலும் கேட்பார்கள். அங்கே தரும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திலும் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டினால் அதிகாரியின் உத்தரவு வாங்க அலுவலகத்துக்கு நடையாய் நடக்க நேரும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிலும் வங்கியிலும் இடிக்கும். ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

சாவில் சந்தேகம் இருந்தால்?

எரிக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து உடற்கூறாய்வு கேளுங்கள். புதைத்த உடலைப் பின்னால் உரிய உத்தரவோடு தோண்டி ஆய்வு செய்ய முடியும். சாம்பலில் ஒன்றும் தேட முடியாது. எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களும் இத்தகைய சாவில் புதைப்பதற்கு இதுவே காரணம்.

மயானத்துக்குப் போகப் பாதை விடமாட்டேன் என்கிறார்கள்.

பொதுப் பாதையை, பொது மயானத்தைச் சாதி சொல்லி மறுப்பது குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியலாம். ஆனாலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல் வழியே போக விடாததால் தலித் மக்கள் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிற்றில் கட்டி இறக்கினார்கள். எரிப்பதா புதைப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வசதியே பலருக்கு இல்லை என்பதை மறக்கக் கூடாது. உடலை வைத்துக்கொண்டு வாதாடுவது கொடுமை. சாவு நேரும் முன்பே மயானத்தின் சர்வே எண், பாதையின் புலப்பட நகல் இரண்டையும் எடுத்து, வட்டாட்சியருக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

மகள் கொள்ளி வைக்கலாமா?

வைக்கலாம். சட்டத்தில் தடை எதுவும் இல்லை. பல ஊர்களில் மகள்கள் வைக்கிறார்கள். கடைசிவரை கவனித்துக்கொண்ட மகளை வாசலோடு நிறுத்திவிட்டு, தூரத்துப் பங்காளியைத் தேடிப் போவதில் என்ன நியாயம் இருக்கிறது?

அஸ்தியை என்ன செய்வது?

மறுநாளோ மூன்றாம் நாளோ காடாற்றுக்குப் போய்ப் பால் தெளித்து, எலும்பைக் காலிலிருந்து தலை நோக்கிப் பொறுக்கி, பாலிலும் இளநீரிலும் கழுவி மண்கலயத்தில் இடுவார்கள். மிச்சச் சாம்பலை மனித உருவாகக் கூட்டி நவதானியம் தூவுவது பல ஊர் வழக்கம். நீர் தெளிக்கும் முன் கைவைத்துப் பாருங்கள். மேலே சாம்பல் ஆறியிருந்தாலும் அடியில் கங்கு இருக்கும். ராமேசுவரம், பவானி கூடுதுறை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், யாழ்ப்பாணத்தில் கீரிமலை என்று கரைக்கும் இடங்கள் பல. கலயத்தை வாய்கட்டிய துணியோடு அப்படியே வீசாமல், அஸ்தியை மட்டும் நீரில் விடுங்கள்.

கண்தானம், உடல்தானம் செய்தால் சடங்கு கெடுமா?

கண்ணை 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் ஆகும், முகம் மாறாது. பிறகு எரிக்கவும் செய்யலாம், புதைக்கவும் செய்யலாம். முழு உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தால் அடக்கமும் தகனமும் இல்லை. உடற்கூறாய்வு செய்த உடலையும் தொற்றுநோயால் இறந்தவர் உடலையும் அவர்கள் ஏற்க மாட்டார்கள். அதனால் உடல்தானம் எழுதிக் கொடுத்தவரும், அது முடியாமல் போனால் எரிப்பதா புதைப்பதா என்று சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.

அரசு ஒரே முறையைக் கட்டாயப்படுத்த முடியுமா?

கட்டாயப்படுத்தியதுண்டு. கொரோனா காலத்தில் இறந்தவரை எரிக்கவும் செய்யலாம், புதைக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், இலங்கை அரசு 2020-இல் முஸ்லிம்கள் உட்பட எல்லாரையும் எரிக்க உத்தரவிட்டது. 2021 பிப்ரவரியில்தான் அந்தத் தடை நீங்கியது. அதன்பின் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. 2024-இல் அந்நாட்டு அரசு இதற்காக மன்னிப்புக் கேட்டது. அதே 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய எதிர்ப்பு எழுந்தது; அண்ணா நகர் வேலங்காட்டு மயானத்துக்குக் கொண்டுபோனபோது அங்கும் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. பிறகு போலீஸ் பாதுகாப்போடு இரவோடு இரவாக அங்கேயே அவரைப் புதைத்தார்கள். சிங்கப்பூரில் நிலத் தட்டுப்பாட்டால், அடக்கம் செய்த உடலை 15 ஆண்டுக்குப் பின் தோண்டி எடுக்கும் விதி 1998 முதல் இருக்கிறது. அங்கே உறவினரைப் புதைக்க நினைப்பவர்கள், தோண்டும் ஆண்டில் யார் போய் நிற்பது, எலும்பை எரிப்பதா மறுபடி புதைப்பதா என்பதையும் அடக்கத்தன்றே பேசி வைத்துக்கொள்வது நல்லது.